பழைய கணிப்பொறியைப் பரணில் ஏற்றாதீர்கள்



பொன்னமராவதியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில், துணி போர்த்திய மேஜைக் கணிப்பொறி ஒன்று ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அண்ணனோ அக்காவோ பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. படிப்பு முடிந்தது. வேலை கிடைத்து அவர்கள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார்கள். கணிப்பொறி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. பிறகு வீட்டுக்கு வைஃபை வந்தது. எல்லோருடைய கைபேசியும் அதில் சேர்ந்துகொண்டது. கணிப்பொறியை மட்டும் யாரும் சேர்க்கவில்லை. "அது பழசு, அதில் நெட் வராது" என்று யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு மேல்முறையீடே இல்லை!

அந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் கருத்து. இருக்கிற கணிப்பொறியை வீட்டு வைஃபையோடு இணைக்க ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. சில வீடுகளில் ஒரு ரூபாய்கூட ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், பிள்ளை கேட்கிறதே என்று தவணையில் புது மடிக்கணிப்பொறி வாங்கும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். வாங்க வழியில்லாத வீடுகளில் பிள்ளைகளுக்குக் கைபேசி ஒன்றே கதி.

கைபேசி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பாடம் பார்க்கப் போதும்; எழுதப் போதாது. நம் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணிப்பொறி அறிவியல் எடுப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் படிக்கிறார்கள். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. ஒரே தொகுதியில் ஒரு வரியை நான்கு இடமும் அடுத்த வரியை மூன்று இடமும் தள்ளி எழுதினால் நிரல் ஓடாது. கைபேசித் திரையில் கட்டைவிரலால் இதைச் செய்து பாருங்கள், ஒரு பத்து வரிக்குள் வெறுத்துப் போகும். அந்த வெறுப்பு கருவியின் மேல் வராமல் பாடத்தின் மேல் வந்துவிடுகிறது. "எனக்கு கம்ப்யூட்டர் வராது சார்" என்று சொல்லும் மாணவர்கள் சிலர் ஒழுங்கான விசைப்பலகையில் ஒரு மாதம்கூட உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

சரி, பழைய கணிப்பொறியில் ஏன் வைஃபை வருவதில்லை? அதற்கு மூளை போதவில்லை என்று நினைக்காதீர்கள். அதற்குக் காதும் வாயும் இல்லை, அவ்வளவுதான். வைஃபை என்பது வானொலி. உங்கள் வீட்டு ரவுட்டரும் கைபேசியும் ஒன்றுக்கொன்று சின்னஞ்சிறு வானொலி நிலையங்கள். மடிக்கணிப்பொறியிலும் கைபேசியிலும் இந்த வானொலியைத் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். மேஜைக் கணிப்பொறி ஓரிடத்தில் இருக்கும் பொருள், கம்பி இழுத்துக்கொள்வார்கள் என்று பெரும்பாலும் பொருத்தாமல் விட்டார்கள். விட்டதை நாம் பொருத்திக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டு வயதான பெட்டியில் நேற்று வாங்கிய வானொலியைச் செருகினால், ரவுட்டருக்குத் தெரிவது அந்தப் புது வானொலி மட்டுமே. பின்னால் இருப்பது கிழவனா குமரனா என்று அது கேட்பதில்லை.

இந்த வானொலிக்கு உரிமமும் தேவையில்லை. ஒரு காலத்தில், பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், சொல்வார். இன்றோ நீங்கள் வீட்டில் ஒலிபரப்பே செய்கிறீர்கள்! 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையைக் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. நம் ஊர் வீடுகளில் வைஃபை மலிவாகப் பரவியதற்கு அந்த அறிவிப்பும் ஒரு காரணம்.

இனி செலவுக் கணக்கைப் பார்ப்போம். காசே இல்லாத வழியை முதலில் சொல்கிறேன். வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியை வைஃபையில் இணைத்துக்கொள்ளுங்கள். அதன் சார்ஜர் கம்பியால் கைபேசியைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். கைபேசியின் அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்குங்கள். கைபேசி அந்த நிமிடமே கணிப்பொறிக்கு வைஃபை வானொலியாக மாறிவிடும். கைபேசி வைஃபையில் இருக்கும்வரை, வருவது வீட்டு வைஃபைதான், உங்கள் சிம் அட்டையின் டேட்டா தீராது. திரை உடைந்து மேசை இழுப்பறையில் கிடக்கும் கைபேசி, தொடுதல் வேலை செய்தால், இதற்கு உதவும். எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கணிப்பொறி வலையில் ஒழுங்காக ஓடுகிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்த வழி கம்பி. கேட்டதும் சிரிப்பீர்கள்! கம்பியில்லா வலையைப் பற்றிப் பேச வந்தவர் கம்பியைச் சொல்கிறாரே என்று. ரவுட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். தொலைபேசிச் செருகிபோல், ஆனால் சற்றே அகலமான நான்கு துளைகளோ இரண்டோ இருக்கும். உங்கள் பழைய கணிப்பொறியின் பின்புறத்திலும் அதே துளை ஒன்று அநேகமாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஈதர்நெட் கம்பி மீட்டருக்கு இருபது ரூபாய் சுமாரில் கிடைக்கிறது. 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். இந்தக் கம்பியில் வந்தாலும் கணிப்பொறி அதே வீட்டு வலையில்தான் சேர்கிறது. சுவர் தடுக்காது, பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கிடாது, கடவுச்சொல் கேட்காது. ரவுட்டரும் கணிப்பொறியும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டில் கம்பியை விட்டுவிட்டு வானொலி வாங்குவது வீண் செலவு என்பேன். கம்பியில்லாதது எல்லாம் முன்னேற்றம், கம்பி எல்லாம் பழமை என்ற எண்ணத்தை விளம்பரங்கள் நமக்குள் ஏற்றிவிட்டன. நம் பக்கத்தில் கம்பிக்கு உண்மையான எதிரி எலிதான்.

மூன்றாவதுதான் கடைக்காரர் முதலில் காட்டும் பொருள்: 'டாங்கிள்' எனப்படும் யு.எஸ்.பி. வைஃபைச் செருகி. கட்டைவிரல் நகம் அளவில் இருக்கும் சாதாரண ரகம் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். அட்டையில் '150' என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் '600' போட்ட ஒன்று இருக்கும், விலையும் ஏறக்குறைய இரு மடங்கு. எதை வாங்குவது? 150 என்பது வினாடிக்கு 150 மெகாபிட். அதுவும் ஆய்வறைக் கணக்கு. வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல காரியம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பே 40 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடிக்க ஆறு அங்குலக் குழாய் எதற்கு?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதிக விலைச் செருகி 2.4 கிகாஹெர்ட்ஸோடு 5 கிகாஹெர்ட்ஸ் அலையிலும் பேசும். ரவுட்டர் இரண்டு பெயர்களை ஒலிபரப்பி, ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த 5ஜி வேறு, கைபேசி நிறுவனங்கள் சொல்லும் ஐந்தாம் தலைமுறை வேறு. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். பொதுவாக, நீளமான அலை சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன். சென்னையில் அடுக்குமாடி வீடுகளில் முப்பது ரவுட்டர்கள் ஒரே 2.4 பட்டையில் கூச்சலிடும்போது 5 கிகாஹெர்ட்ஸ் தேவைப்படலாம். நம் ஊரில் அந்த நெரிசல் இல்லை. ஆனால் கனத்த சுவர்கள் இருக்கின்றன. ஆகவே விலை குறைந்த செருகிதான் நமக்கு ஏற்ற செருகி. இப்படிப் பொருந்துவது அபூர்வம், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சுவர் என்றதும் மேலைச்சிவபுரிப் பக்கத்து நகரத்தார் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. இயற்பியல் ஆசிரியனுக்கு அவை நல்ல ஆய்வுக்கூடம். தலைவாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் பின்தெரு வரை திறந்து கிடக்கும். அந்தக் கோட்டில் வைஃபை அலை தடையின்றி ஓடும். அதே கோட்டிலிருந்து ஓர் அடி விலகிப் பக்கத்து அறைக்குள் போனால் அலை தள்ளாடும். ஒரு செங்கல் சுவரைக் கடக்கும்போது அதன் திறன் கால் பங்காகக் குறைவதுண்டு. இரண்டு சுவர் கடந்தால் பதினாறில் ஒரு பங்கு. மூன்று கடந்தால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இரும்பு பீரோ குறுக்கே நின்றால் அலை பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே ரவுட்டரை முகப்பின் மூலையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வாசல்களின் கோட்டில் உயரமான இடத்தில் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இதற்குச் செலவு ஓர் ஆணி.

ஆனாலும் அலை குறைகிறதே என்று அஞ்ச வேண்டாம். ரவுட்டரிலிருந்து புறப்படும் திறன் ஏறத்தாழ 100 மில்லிவாட். கணிப்பொறியின் செருகிக்கு வந்து சேர்வது அதில் நூறு கோடியில் ஒரு பங்காக இருந்தாலும் அது தெளிவாகக் கேட்டுக்கொள்ளும். அவ்வளவு நுண்ணிய காது! அந்தக் காதைக் கொண்டுபோய் சி.பி.யு. பெட்டியின் பின்புறம், சுவருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் செருகிவிட்டு "சிக்னல் இல்லை" என்று புலம்புகிறோம். நூறு ரூபாய் சுமாரில் ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கிச் செருகியை மேசைமேல் கொண்டு வாருங்கள். பிறகு அதை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், வேறோர் இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் குறுக்கீட்டு விளைவு இதுதான். நான்கைந்து விரல்கடை நகர்த்தினால்கூடத் திரையில் கோடுகள் ஏறி இறங்குவதைக் காணலாம்.

மலிவான கருவியைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் தேனி மருத்துவமனையைச் சுற்றிய சிற்றூர்களில் சிறு கண் மையங்கள் உள்ளன. அங்கு வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். இடைத்தூரமோ பல கிலோமீட்டர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் குழுவினர், 2000த்துக்குப் பின் வந்த அந்தப் பத்தாண்டில் மருத்துவமனையோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்துக்கொண்டு, அலையை ஒரே திசையில் குவிக்கும் ஏரியல்களை உயரத்தில் கட்டினார்கள். அத்தோடு முடியவில்லை. வைஃபையில் ஒரு செய்தியை அனுப்பியதும் "வந்தது" என்ற பதிலுக்காக அனுப்பியவன் காத்திருப்பான். வீட்டு அளவுத் தூரத்தை நினைத்து வகுத்த முறை அது, ஆதலால் பொறுமை மிகக் குறைவு. ஒளி ஒரு கிலோமீட்டர் போக மூன்று மைக்ரோ வினாடிக்குச் சற்று மேல் ஆகும். தூரம் கூடினால் பதில் வந்து சேர்வதற்குள் "தொலைந்தது" என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அந்தக் காத்திருக்கும் முறையை மென்பொருளால் மாற்றி எழுதினார்கள். 2007இல் வெனிசுவேலா நாட்டில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் தூரம் வைஃபை அலை சென்றது. நமக்கு முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போனால் போதும்!

இனி, பழைய கணிப்பொறிக்கே உரிய இரண்டு சங்கடங்களைச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் இவற்றைச் சொல்வதில்லை.

செருகி போட்டாகிவிட்டது, கடவுச்சொல் சரி, வலையில் சேர்ந்தும் விட்டது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று உலாவி மறுக்கிறது. என்ன காரணம்? திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 ஜனவரி 1 என்பதுபோல் காட்டும். கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஐந்து ரூபாய் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடந்ததில் அது செத்துப்போயிருக்கும். இன்றைய இணையதளங்கள் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டுகின்றன. அதில் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். 2009இல் இருப்பதாக நம்பும் கணிப்பொறிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே நம்ப மறுக்கிறது. நியாயம்தானே? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சி.ஆர்.2032 என்ற எண்ணுள்ள மின்கலத்தை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. ஐம்பது ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலைக்காக "போர்டு போய்விட்டது" என்ற தீர்ப்போடு மூலைக்குப் போன கணிப்பொறிகள் உண்டு.

இரண்டாவது சங்கடம் பூட்டு பற்றியது. வைஃபைக்கு முதலில் போட்ட பூட்டின் பெயர் வெப். 2001இலேயே அதை உடைக்கும் வழியைக் கண்டுவிட்டார்கள். பிறகு வந்த டபிள்யு.பி.ஏ.2 என்ற பூட்டு 2004இல் அறிமுகமாகி, 2006 முதல் முத்திரை பெறும் எல்லா வைஃபைக் கருவிகளுக்கும் கட்டாயமாயிற்று. யாரோ இலவசமாகக் கொடுத்த அதற்கு முந்திய பழைய வைஃபை அட்டையை நீங்கள் பொருத்தினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் அது சேராது. அப்போது ஒருவர் வந்து, "ரவுட்டரில் பூட்டை வெப் என்று மாற்றிவிடு, சேர்ந்துவிடும்" என்று யோசனை சொல்வார். கேட்காதீர்கள். ஒரு பழைய அட்டைக்காக வீட்டில் எல்லோருடைய பூட்டையும் கழற்றுவது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது. அந்த வீட்டில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும் கைபேசியில் திறக்கிறது.

அதே காரணத்துக்காக, விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7ஓ இருக்கும் கணிப்பொறியை அப்படியே வலையில் விட வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014இலும், ஏழுக்கு 2020இலும் நிறுவனம் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு பொதுவான ஆதரவு முடிந்தது. காசு கொடுத்துப் புதியது வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், லுபுன்டு போன்ற இலவச இயங்குதளங்கள் உள்ளன. பாஸ் என்ற இந்திய லினக்ஸும் உண்டு. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது. 2 ஜிபி நினைவகம் உள்ள பெட்டியில் லுபுன்டு நிதானமாக ஓடும். 4 ஜிபி இருந்தால் கவலையே இல்லை. பைத்தானும் சி++ தொகுப்பியும் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கும்; சில வகைகளில் உடன் வந்தேவிடும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் நிறுவலாம். நிறுவுவதற்கு முன் அக்காவின் கல்லூரிப் புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இதை மறந்தால் வீட்டில் நடக்கப்போவதற்கு நான் பொறுப்பில்லை.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணிப்பொறி மின்சாரம் தின்னும். பருத்த கண்ணாடித் திரையோடு சேர்த்து 150 வாட் என்று வைத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 0.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 36 யூனிட். மடிக்கணிப்பொறிக்கு இதில் கால் பங்குகூட ஆகாது. பருத்த திரையை மாற்றிப் பழைய தட்டைத் திரை ஒன்று கிடைத்தால் சுமை கணிசமாகக் குறையும். நினைவகம் 1 ஜிபிகூட இல்லாத பெட்டிகளைப் பொறுத்தவரை நானும் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். இன்றைய இணையப் பக்கங்கள் அவற்றுக்குக் கனம் அதிகம். அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கண்ணாடித் திரையில் ஈயம் இருக்கிறது.

மற்றவற்றுக்கு ஒரு விடுமுறை நாள் போதும். தூசி தட்டுங்கள், தேதியைப் பாருங்கள், கைபேசிக் கம்பியால் சோதியுங்கள். எல்லாம் ஓடினால், ரவுட்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக் கம்பியா செருகியா என்று முடிவு செய்யுங்கள். செருகிதான் என்றால், கடைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது லினக்ஸில் டிரைவர் இல்லாமல் நேராக ஓடுமா? உள்ளே எந்தச் சில்லு?" சில்லின் பெயர் தெரிந்தால் அது லினக்ஸில் ஓடுமா என்று வாங்குவதற்கு முன்பே கைபேசியில் தேடிப் பார்த்துவிடலாம். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், ஓடவில்லையென்றால் திருப்பித் தருவேன் என்று சொல்லி ரசீதோடு வாங்குங்கள். அதற்கும் அவர் ஒப்பாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.